மேட்டில் திணறும் தோட்ட டிராக்டர்: காலைத் தளர்த்தச் சொல்வது ஏன்?

மேட்டில் ஏறும்போது தோட்ட டிராக்டர் திணற ஆரம்பித்தால், கால் தன்னையறியாமல் மிதியை இன்னும் ஆழமாக அழுத்தும். கார் ஓட்டிப் பழகிய கால் அது. வண்டி திணறினால் கூடுதலாக எரிபொருள் கொடுக்க வேண்டும் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆனால் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் (எஞ்சினின் சக்தியை ஆயில் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அமைப்பு, சுருக்கமாக ஹைட்ரோ) பூட்டிய வண்டியில் அந்த மிதிக்கும் எரிபொருளுக்கும் சம்பந்தமே இல்லை. எரிபொருளைக் கைப்பக்கம் இருக்கும் த்ராட்டில் நெம்புகோல் கவனித்துக்கொள்கிறது. மிதி செய்வது கியர் மாற்றும் வேலை. ஏற்றத்தில் அதை மேலும் அழுத்துவது, இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டிருக்கும் வண்டியை நான்காம் கியருக்குத் தள்ளுவதைப் போன்றது.

இந்த ஒரு குழப்பத்தால் கெட்டுப்போகும் டிரான்ஸ்மிஷன்கள் கொஞ்சமல்ல. "ஹைட்ரோ என்றாலே பலமில்லாத சாமான்" என்று சொல்பவர்களிடம் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டால், பாதிக் கதை அங்கேயே வெளிவந்துவிடும்.

உள்ளே இருப்பது ஒரு பம்பும் ஒரு மோட்டாரும்தான். எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் பம்பைச் சுற்றுகிறது. பம்புக்குள் ஓர் உருளைக் கட்டை. அதில் ரிவால்வரின் குண்டு அறைகளைப் போல வட்டமாகத் துளைகள். துளைக்கு ஒரு பிஸ்டன். பிஸ்டன்களின் வெளிமுனை ஒரு தட்டின்மேல் சறுக்கிக்கொண்டே சுற்றி வருகிறது. ஸ்வாஷ் பிளேட் எனப்படும் இந்தத் தட்டைச் சாய்தட்டு என்று சொல்லலாம். தட்டு சாயாமல் நேராக நிற்கும்வரை பிஸ்டன்கள் சுற்றுமே தவிர, துளைக்குள் முன்னும் பின்னும் அசையாது, ஆயிலும் நகராது. அதுதான் நியூட்ரல். மிதியை அழுத்தினால் தட்டு சாய்கிறது. பிஸ்டன்கள் உள்ளே போய் வெளியே வரத் தொடங்குகின்றன. ஆயில் மோட்டாருக்குப் பாய்கிறது. சாய்வு கூடக் கூட ஆயிலின் அளவும் கூடும். தட்டை எதிர்ப்பக்கம் சாய்த்தால் ஆயில் திசை மாறிப் பாய்ந்து வண்டி பின்னால் போகும். மோட்டாரும் அதே அமைப்புடையதுதான். ஆனால் தோட்ட வண்டிகளில் அதன் தட்டு பெரும்பாலும் ஒரே சாய்வில் நிலையாக நிற்கும். மோட்டாரிலிருந்து சில பற்சக்கரங்கள் வழியாகப் பின்சக்கரங்களுக்கு இயக்கம் போகிறது. வேலை முடித்த ஆயில் மீண்டும் பம்புக்கே திரும்புகிறது. இந்தச் சுற்றில் கசிந்து குறையும் ஆயிலை ஈடுசெய்யப் பல மாடல்களில் சார்ஜ் பம்ப் என்ற சிறிய பம்ப் ஒன்று தனியாக இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஜேனி, வில்லியம்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை உருவாக்கினார்கள். போர்க்கப்பல்களின் பீரங்கி மேடைகளைத் திருப்ப அது பயன்பட்டது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961இல் எச்டி-340 என்ற சோதனை டிராக்டரில் இதைப் பூட்டிப் பார்த்தது. 1967இல் 656 என்ற பண்ணை டிராக்டரில் விற்பனைக்கே கொண்டுவந்தது. தோட்ட வண்டிகளுக்கும் அதே பத்தாண்டில்தான் வந்து சேர்ந்தது. மரத்தைச் சுற்றிப் புல் வெட்டும்போது நிமிடத்துக்கு நான்கு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கும். அதற்குக் கிளட்சும் கியரும் வேண்டாம் என்ற வசதி யாருக்குத்தான் கசக்கும்?

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். வேகத்தைத் தீர்மானிப்பது கால். அழுத்தத்தைத் தீர்மானிப்பது சுமை. மோட்டாரின் அளவு மாறாதது என்பதால், சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசை ஆயிலின் அழுத்தத்தை மட்டுமே பொறுத்தது. இழுக்க வேண்டிய சுமை கூடினால் அழுத்தம் தானாகவே ஏறும். அதை ஏறவிடாமல் மிதியால் தடுக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி, ஓட்டுபவர், மண் ஏற்றிய டிரெய்லர் எல்லாம் சேர்த்து 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளமான புல்தரையில் உருட்டிச் செல்ல எடையில் 8 சதவீதம் அளவுக்கு இழுவிசை தேவை என்றால், 40 கிலோ போதும். அதே வண்டி 10 டிகிரி ஏற்றத்தில் ஏறினால், எடையில் 17 சதவீதத்துக்கும் சற்று மேல், அதாவது 87 கிலோ கூடுதலாகச் சேர்கிறது. மொத்தம் 127 கிலோ. மூன்று மடங்குக்கு மேல். 15 டிகிரியில் 169 கிலோ. நான்கு மடங்கைத் தாண்டிவிடுகிறது. டிரான்ஸ்மிஷனுக்குள் அழுத்தமும் இதே விகிதத்தில்தான் ஏறுகிறது. கண்ணுக்கு "லேசான சரிவு" என்று படுவது உள்ளே இருக்கும் பிஸ்டன்களுக்கு லேசானது அல்ல. (பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் 15 டிகிரிக்கு மேல் ஓட்டவே கூடாது என்கின்றன. அது முதன்மையாகக் கவிழும் ஆபத்தைக் கருதிச் சொன்னது. டிரெய்லர் மாட்டினால் வரம்பு இன்னும் குறையும்.)

அப்படியானால் காலைத் தளர்த்துவதால் என்ன லாபம்? அழுத்தம் குறையாது என்று இப்போதுதானே சொன்னேன்! லாபம் எஞ்சின் பக்கம் இருக்கிறது. மிதியைத் தளர்த்தினால் ஒரு சுற்றுக்குப் பம்ப் தள்ளும் ஆயில் குறைகிறது. அதே அழுத்தத்தை எதிர்த்துக் குறைவான ஆயிலைத் தள்ளுவது எஞ்சினுக்கு எளிது. எஞ்சின் மூச்சுத் திணறாமல் முழு வேகத்தில் சுற்றும். அது முழு வேகத்தில் சுற்றினால்தான் டிரான்ஸ்மிஷனின் தலையில் இருக்கும் விசிறியும் உள்ளே இருக்கும் சார்ஜ் பம்பும் முழு வேகத்தில் சுற்றும். மிதியை ஆழமாக அழுத்தி எஞ்சினை முக்கவைத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். அழுத்தம் உச்சத்தில் இருக்க, குளிர்விப்பு குறைந்துவிடும்.

"எஞ்சின் பாவம்" என்று பாதித் த்ராட்டிலில் ஓட்டுபவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். பம்புக்குள் எப்போதும் கொஞ்சம் ஆயில் இடைவெளிகள் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவு பெரும்பாலும் அழுத்தத்தைப் பொறுத்தது. எஞ்சினின் வேகத்தைப் பொறுத்தது அல்ல. முழு வேகத்தில் பம்ப் 20 பங்கு ஆயில் தள்ளும்போது 2 பங்கு கசிந்தால், இழப்பு பத்தில் ஒன்று. எஞ்சின் வேகத்தைப் பாதியாக்கினால் பம்ப் தள்ளுவது 10 பங்கு; கசிவு அதே 2 பங்கு; இழப்பு ஐந்தில் ஒன்று. விசிறியும் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஆகவே த்ராட்டிலைக் கையேடு சொல்லும் வேலை வேகத்தில் வைத்துவிட்டு, மெதுவாகப் போக வேண்டுமானால் மிதியைத் தளர்த்துவதே முறை. சத்தம் காதைத் துளைக்கத்தான் செய்யும். காதடைப்பான் போட்டுக்கொள்ளலாம்.

பற்சக்கர டிரான்ஸ்மிஷனில் சில சதவீதச் சக்தியே வீணாகும். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் ஐந்தில் ஒரு பங்கு போவது சாதாரணம். தேய்ந்த வண்டியில் அதற்கும் மேலே போகும். வீணாகும் அத்தனையும் வெப்பமாகவே வெளிவருகிறது. 5 கிலோவாட் சக்தி இதன் வழியாகப் போகிறது என்றால் 1 கிலோவாட் வெப்பம். ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி உள்ளே போட்டு மூடியதைப் போல. அந்தச் சூட்டைத் தாங்க உள்ளே இருப்பது சுமார் 2 லிட்டர் ஆயிலும் சில கிலோ அலுமினியக் கூடும். காற்றுப்படாமல் விட்டால் நிமிடத்துக்குப் பல டிகிரி வீதம் சூடு ஏறும் என்று கணக்கு வருகிறது. கால் மணி நேரம் இப்படிப் போனால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சூடான ஆயில் நீர்த்துப்போகும். பிஸ்டனுக்கும் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கில்தான் இருக்கும், தலைமுடியின் தடிமனைவிட மிகக் குறைவு. கெட்டியான ஆயில் அந்த இடுக்கில் நுழையச் சிரமப்படும். நீர்த்த ஆயில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். கசிவு கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் ஆயில் இன்னும் நீர்க்கும். இந்தச் சுழற்சி ஒருமுறை பிடித்துக்கொண்டால், வேலையை நிறுத்தினால் ஒழிய விடாது. "காலையில் எடுத்தால் நன்றாக ஓடுகிறது, அரைமணி நேரம் ஆனால் மேடேற மறுக்கிறது" என்ற புகார் இதிலிருந்து பிறப்பதுதான். நீர்த்த ஆயிலின் படலம் ஓரளவுக்கு மேல் மெலிந்தால் உலோகம் உலோகத்தைத் தொடும். அதன்பிறகு ஆற வைத்தாலும் பழைய பலம் வராது.

அப்படி ஒன்றைப் பிரித்தபோது உடன் இருந்து பார்த்திருக்கிறேன். கூட்டின் அடியில் ஆயிலில் மிதக்கும் உலோகத் தூளைப் பிடிக்க ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பார்கள். காந்தமே தெரியவில்லை, சாம்பல் நிறக் களிம்பு அதன்மேல் கெட்டியாக அப்பியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் முகப்பவுடர்போல மென்மையாக, வெளிச்சத்தில் மினுமினுத்தது. உருளைக் கட்டை உட்கார்ந்து சுழலும் வழவழப்பான தட்டில் வட்ட வட்டமாகக் கோடுகள். நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டன. அந்தக் கோடுகள்தான் கசிவுக்கான வாய்க்கால்கள். உடைந்த பாகம் ஒன்றுகூட இல்லை. ஒடிந்து சாகும் இயந்திரமல்ல இது. தேய்ந்து, பலம் ஒழுகி ஒழுகிச் சாகிறது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று டயர். பெரிய இயந்திரங்களில் அழுத்தம் வரம்பு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பிவிடும். இலகுரகத் தோட்ட வண்டிகள் பலவற்றில் அந்த வால்வே கிடையாது. அங்கே பாதுகாப்பு ஃபியூஸ் வேலையைச் செய்வது புல்லில் வழுக்கும் டயர்தான். சுமை மிஞ்சினால் டயர் வழுக்கிச் சுற்றும். அழுத்தம் அதற்கு மேல் ஏறாது. வழுக்குகிறதே என்று எரிச்சல்பட்டுச் சக்கரத்தில் எடைக்கட்டிகளை மாட்டி, சங்கிலி சுற்றி, டயருக்குள் தண்ணீரும் நிரப்புகிறவர், ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அங்கே தடித்த கம்பியைச் சொருகியவர் ஆகிறார். பெரிய டயர் மாட்டுவதும் அப்படித்தான். 20 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 23 அங்குல டயர் போட்டால், அதே இழுவிசைக்குச் சக்கர அச்சில் 15 சதவீதம் கூடுதல் முறுக்குவிசை தேவைப்படும்; அழுத்தமும் அதே 15 சதவீதம் ஏறும். வண்டி கம்பீரமாகத் தெரியும், அவ்வளவுதான்.

வாங்கும்போதே பார்க்க வேண்டிய வேறுபாடும் இதில்தான் இருக்கிறது. புல் வெட்டுவதற்கென்றே செய்த வண்டிக்கும் மண்ணைக் கிளறும் வேலைக்கென்று செய்த வண்டிக்கும் பானெட்டும் இருக்கையும் ஒன்றுபோலத் தோன்றலாம், குதிரைத்திறனும் ஒன்றாகவே இருக்கலாம். வித்தியாசம் பின்சக்கரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. கலப்பை, ரோட்டவேட்டர், பனி தள்ளும் பிளேடு போன்றவற்றை மாட்டலாமா என்பதை எஞ்சினின் குதிரைத்திறனை வைத்து முடிவு செய்யக் கூடாது. டிரான்ஸ்மிஷனின் தரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தாழ்வேகம், உயர்வேகம் என்று இரண்டு கியர் நிலைகள் உள்ள வண்டியானால் பாரமான வேலைக்குத் தாழ்வேகத்தைப் போட வேண்டும். காலைத் தளர்த்தினால் குறையாத அழுத்தம் இதில் உண்மையாகவே குறையும், ஏனென்றால் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள பற்சக்கரம் பாரத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது. அந்த வசதி இல்லாத வண்டியில் அழுத்தத்தைக் குறைக்க ஒரே வழி சுமையைக் குறைப்பதுதான். ஒரே நடையில் ஏற்றுவதை இரண்டு நடையாக்கலாம், நேரே ஏறாமல் சரிவு குறைந்த பாதையைத் தேடலாம், பிளேடை ஒரு விரல்கடை உயர்த்தி இரண்டு முறை தள்ளலாம்.

அசையாத ஒன்றை முட்டித் தள்ளுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். மண்மேட்டிலோ மரவேரிலோ முட்டிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. மிதி இன்னும் அழுத்தியபடி இருக்கிறது. உள்ளிருந்து கீச்சென்ற முனகல் வருகிறது. ரிலீஃப் வால்வு இருந்தால் அதன் வழியாக, இல்லாவிட்டால் கசிவின் வழியாக, அந்த நொடியில் டிரான்ஸ்மிஷனுக்குள் போகும் சக்தி அத்தனையும் வெப்பமாக மாறுகிறது. ஒரு கிராம்கூட நகரவில்லை என்பதால் பயனுள்ள வேலை பூஜ்யம். முனகல் கேட்ட மாத்திரத்தில் காலை எடுத்துவிட வேண்டும்.

முன்னால் போய்க்கொண்டிருக்கும்போதே படக்கென்று பின்மிதியை அழுத்துவதும் கெடுதல். நகரும் 500 கிலோவை ஆயில் தூண் ஒன்றே நிறுத்தி எதிர்ப்பக்கம் தள்ள வேண்டியிருக்கும். அழுத்தம் ஒரு கணம் குத்தென ஏறி இறங்கும். சேற்றில் மாட்டிக்கொண்டால் முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்த வண்டியில் அதை மறந்துவிட வேண்டும். இறக்கத்திலும் உஷார் தேவை: அப்போது சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் பம்பாக மாறி, எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பாரமான டிரெய்லரோடு நீண்ட இறக்கத்தில் இறங்கினால், ஏறும்போது சூடானதுபோலவே இறங்கும்போதும் சூடாகும். எஞ்சினை அணைத்த வண்டி சரிவில் நிற்கும் என்று ஹைட்ரோவை நம்பக் கூடாது. கசிவு கொஞ்சம் கொஞ்சமாக அதை உருட்டிவிடும். அதற்குத்தான் பார்க்கிங் பிரேக் இருக்கிறது.

வண்டியின் பின்பக்கம் ஒரு சின்னக் கம்பியோ நெம்புகோலோ இருக்கும். அது ஆயிலுக்குக் குறுக்குவழி திறக்கும் பைபாஸ் வால்வை இயக்குகிறது. எஞ்சின் ஓடாதபோது வண்டியைக் கையால் தள்ள வேண்டுமானால் இதைத் திறக்க வேண்டும். திறக்காமல் கட்டி இழுத்தால் சக்கரம் மோட்டாரை வலுக்கட்டாயமாகச் சுற்றும். ஆயிலை அனுப்பச் சார்ஜ் பம்பும் சுற்றாது. திறந்து வைத்தாலும் நடை வேகத்தில், கொட்டகைவரை தள்ளும் தூரம்தான் கணக்கு. சரிவில் இதைத் திறந்தால் வண்டி பிடியில்லாமல் ஓடிவிடும். இந்தக் கம்பி பாதி இழுபட்ட நிலையில் மாட்டிக்கொண்டு, "டிரான்ஸ்மிஷன் போய்விட்டது" என்று புதிதே வாங்கிவிட்டவர்களும் உண்டு.

அதே மாதிரிப் பொய்க் குற்றவாளி பெல்ட். தளர்ந்த பெல்ட் சுமையில் வழுக்கினால் வண்டி ஹைட்ரோ தேய்ந்த வண்டியைப் போலவே திணறும். ரப்பர் கருகும் வாடையும் கிறீச் ஒலியும் அதைக் காட்டிக்கொடுக்கும். செலவு குறைந்ததை முதலில் சோதிப்பதில் தவறொன்றுமில்லை.

பராமரிப்பில் முதலிடம் விசிறிக்குத்தான் தருவேன், ஆயிலுக்கு அல்ல. பிளாஸ்டிக் விசிறியின் இறகுகளில் ஒன்றிரண்டு குச்சிபட்டு ஒடிந்திருக்கும், யாரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதன் கீழே அலுமினியக் கூட்டின் விலாக்களுக்கு இடையில் வெட்டிய புல் ஆயில் ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்து, தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டதைப் போல மூடியிருக்கும். வண்டி ஆறியபின் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றழுத்தக் குழாயால் ஊதிவிட்டால் பத்து நிமிட வேலை.

ஆயிலைப் பொறுத்தவரை கையேட்டில் சொன்னதற்கு மேல் புத்திசாலித்தனம் வேண்டாம். சில வண்டிகளுக்கு 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில், சிலவற்றுக்குச் செயற்கை ஆயில், வேறு சிலவற்றுக்குத் தனி ஹைட்ராலிக் ஆயில். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. புது வண்டியில் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் காலத்தில்தான் உலோகத் தூள் அதிகம் வரும் என்பதால், ஆயில் மாற்ற வழிவைத்த மாடல்களில் முதல் மாற்றம் சீக்கிரமாகவே வந்துவிடும். "ஆயுளுக்கும் மூடியது" என்று விற்கும் டிரான்ஸ்மிஷனில் ஆயுள் என்பது யாருடைய ஆயுள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வடிகட்டியோ வடிகாலோ இல்லாத அவற்றைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து ஆயில் மாற்றி, பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆயில் மாற்றினால் உள்ளே காற்று புகும். காற்று அமுங்கக்கூடியது, அதனால் மிதி கொடுத்தும் வண்டி தயங்கும், குலுங்கும், உள்ளே சரளைக்கல் உருளும் ஒலி கேட்கும். பின்சக்கரங்களைத் தரையிலிருந்து உறுதியாக உயர்த்தி நிறுத்தி, பைபாஸைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, மிதியை முன்னும் பின்னும் ஐந்தாறு முறை மெதுவாக அழுத்த வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி பைபாஸை மூடி, மறுபடி ஓடவிட்டு அதையே செய்ய வேண்டும். சுமார் இப்படித்தான் கையேடுகள் சொல்லும். வரிசை மாடலுக்கு மாடல் சற்று மாறும். குளிர்ந்த காலையில் எடுத்தவுடன் ஏற்றத்துக்கு விரட்டாமல் சில நிமிடம் சும்மா ஓடவிடுவது நல்லது: கெட்டியான ஆயிலைப் பம்ப் உறிஞ்சத் திணறும். கடும் வேலைக்குப் பின் உடனே அணைக்காமல், நியூட்ரலில் எஞ்சினை வேகமாகவே சில நிமிடம் விட்டால் சுமையில்லாத அந்த நேரத்தில் விசிறி சூட்டை வாரிக்கொண்டு போகும்.

தேய்மானம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு கடிகாரம் போதும். ஓட்டும் இடத்தில் ஒரே ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்து, டிரெய்லர் இல்லாமல், முழுத் த்ராட்டிலில், மிதியை ஒரே அளவில் வைத்து, ஆறிய வண்டி அதில் ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் புல் வெட்டிவிட்டு அதே சரிவில் மறுபடி ஏற்றுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் சூட்டில் ஒழுகும் ஆயில். நல்ல வண்டியில் அது ஒன்றிரண்டு விநாடி இருக்கும். அடுத்த பருவத்தில் அந்த வித்தியாசம் இரண்டு மடங்கானால், முதலில் பெல்ட்டையும் விசிறியையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் ஆயில் மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.